திரும்பும் வழியும் தவமே

நற்பணியின் பொருட்டு அயல்நாடு செல்பவரின் பயணம் இரண்டு பாதிகளால் ஆனது. முதற்பாதி செல்லும் வழி. மறுபாதி திரும்பும் வழி. தொலைவு இரண்டிற்கும் ஒன்றே. கடலும் வானமும் ஒன்றே. ஆனால் மனம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை.

செல்லும் வழியில் விமானம் தாமதமானால், 'நல்ல காரியத்திற்குத் தடைகள் வருவது இயல்பு' என்று தொண்டர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். இறங்கிய இடத்தில் பெட்டி வந்து சேரவில்லையெனில், மாற்றுடையின்றி இரண்டு நாட்கள் கழிப்பதையும் ஒரு விரதம்போல் ஏற்கிறார். அதே தொண்டர் பணியை முடித்துத் திரும்பும்போது இணைப்பு விமானத்தைத் தவறவிட நேர்கிறது. இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டியதாகிறது. அப்போது அவருள்ளத்தில் எழும் கேள்வி வேறு: 'இவ்வளவு செய்த எனக்கா இப்படி?'

முன்னது தியாகமாகத் தோன்றியது. பின்னது அநீதியாகத் தோன்றுகிறது. துன்பத்தின் அளவு மாறவில்லை. ஒருவேளை, முன்னதைவிடப் பின்னது சிறியதாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, ஒரே மனம் ஒன்றை மலர்போல் ஏற்று, மற்றொன்றை முள்போல் உதறுவது ஏன்? ஆன்மிக வாழ்வில் முன்னேற விரும்புவோர் ஆராய வேண்டிய கேள்வி இது. ஏனெனில், தொண்டு உண்மையிலேயே இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டதா என்பது தொண்டு நடக்கும்போது தெரிவதைவிட, தொண்டு முடிந்த பிறகே தெளிவாகத் தெரிகிறது.

தானே ஏற்ற தவமும் தானாக வந்த தவமும்

தவம் இருவகைப்படும். மனிதன் தானே தேர்ந்து ஏற்பது ஒன்று. உபவாசம், மௌனம், பாதயாத்திரை முதலியவை அத்தகையவை. அவற்றின் நாளும் அளவும் அவன் கையில் உள்ளன. கேளாமலே வந்து சேருவது மற்றொன்று. அதன் நாளும் அளவும் அவன் கையில் இல்லை.

முதல்வகைத் தவம் மிக உயர்ந்தது. எனினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. 'நான் தவம் செய்கிறேன்' என்ற எண்ணம் அதனுள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. தேர்ந்தெடுத்தவன் தான் என்பதால், தேர்ந்தெடுத்த பெருமையும் தன்னுடையதாகிவிடுகிறது. இரண்டாம்வகைத் தவத்தில் அந்த இடம் இல்லை. தவறிப்போன விமானத்திற்காக எவரும் பெருமைப்பட முடியாது. ஆகவே அகந்தை அதனை விரும்புவதில்லை.

செல்லும் வழியில் வரும் துன்பத்தை மனம் எளிதில் முதல்வகையோடு சேர்த்துவிடுகிறது. பணி என்னும் பெரிய விரதத்தின் ஒரு பகுதியாக அது தோன்றுகிறது. திரும்பும் வழியிலோ விரதம் முடிந்துவிட்டதாக மனம் முடிவு செய்துவிட்டது. அதன்பின் வரும் துன்பத்திற்கு அதன் கணக்கில் இடமில்லை. இதைவிட நுட்பமான இன்னொன்றும் நிகழ்கிறது. பணி முடிந்த கணத்திலிருந்து மனம் கூலியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பணமோ புகழோ வேண்டாம் என்று உறுதியாக மறுத்தவரும்கூட, 'நிம்மதியான ஒரு பயணம்' என்னும் சிறு கூலியைத் தமக்கே தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். செயலைச் செய்யும் உரிமையையும் பலனைக் கோரும் உரிமையையும் பகவத்கீதை பிரித்துக் காட்டுகிறது. அந்தப் போதனை நல்ல பயணத்திற்கும் பொருந்தும் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை.

இந்தக் கேள்விக்கு நூல்களில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. அறத்தின் பொருட்டுக் கடல் கடந்தும் மலை கடந்தும் சென்று திரும்பிய மூவரின் வரலாறுகள் இதற்கு நல்ல விளக்கமாகும்.

நீர்க்குடமும் நூல்களும்

சீன பௌத்தத் துறவியான பாஹியான், துறவிகளின் ஒழுக்க விதிகள் அடங்கிய வினய நூல்களைத் தேடி 399-ஆம் ஆண்டு சாங்கான் நகரிலிருந்து புறப்பட்டார். உடன் வந்தோரில் சிலர் வழியில் இறந்தனர். சிலர் பாதியில் திரும்பினர். ஒருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். பாஹியான் வட இந்தியாவின் புனிதத் தலங்களைத் தரிசித்து, நூல்களைத் தம் கையாலேயே படியெடுத்தார். பின்னர் இலங்கைக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கும் சீனாவில் கிடைக்காத நூல்கள் சில அவருக்குக் கிடைத்தன. இனித் தாயகம் திரும்புவது ஒன்றே மீதம். இருநூறு பேருக்கு மேல் ஏறிய பெரிய வணிகக் கப்பலில் அவர் புறப்பட்டார்.

ஓரிரு நாட்களில் புயல் எழுந்தது. கப்பலில் நீர் புகத் தொடங்கியது. பின்னால் கட்டியிருந்த சிறு படகுக்குத் தாவ வணிகர்கள் முயன்றனர். படகிலிருந்தோர் கூட்டம் மிகுந்துவிடும் என்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். கப்பலின் பாரத்தைக் குறைக்க வணிகர்கள் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாஹியானும் தம்மிடமிருந்த நீர்க்குடத்தையும் கழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். அவருடைய அச்சம் ஒன்றே ஒன்று: வணிகர்கள் தாம் சுமந்து வந்த நூல்களையும் திருவுருவங்களையும் எடுத்து எறிந்துவிடுவார்களோ என்பது. அவலோகிதேசுவரரை மனத்தில் இருத்தி அவர் வேண்டிக்கொண்டார்.

இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். பற்றற்ற துறவி அஞ்சினாரா என்று கேட்கலாம். அஞ்சினார், அதனைத் தம் பயண நூலில் மறைக்கவும் இல்லை. ஆனால் எதற்கு அஞ்சினார் என்பதைக் காண வேண்டும். தமக்குரியதைத் தாமே முன்வந்து எறிந்தார். பிறர்க்குரியதைக் காக்கத் துடித்தார். நூல்கள் அவருடைய உடைமையல்ல. அவை தாயகத்துத் துறவிகளின் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எதை விடலாம், எதை விடலாகாது என்று இடர்ப்பொழுதில் பிரித்தறிவதே விவேகம். பயணம் சீராக இருக்கும் வரை அனைத்தும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இடையூறு வந்த பிறகே, அவற்றுள் எது நீர்க்குடம், எது நூல் என்பது விளங்குகிறது.

யாருடைய பாவம்?

பதின்மூன்று நாட்களுக்குப் பின் கப்பல் ஒரு தீவை அடைந்தது. ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. தொண்ணூறு நாட்களுக்கு மேல் கடலில் கழித்தபின் அவர் யவத்வீபம் சேர்ந்தார். அங்கே ஐந்து மாதங்கள் தங்கி, வேறொரு கப்பலில் ஏறினார். ஐம்பது நாட்களுக்கான உணவோடு அது சீனாவின் தென்கரை நோக்கிச் சென்றது. ஒரு மாதம் கடந்ததும் மீண்டும் கடும்புயல் வீசியது.

இம்முறை உடன் பயணம் செய்தோரில் சிலர் தமக்குள் கலந்து பேசினர். 'இந்தத் துறவி ஏறியதால்தான் நமக்கு இந்தத் துன்பம் வந்தது. ஒருவருக்காக அனைவரும் அழிவதா? ஏதேனும் ஒரு தீவில் இவரை இறக்கிவிடலாம்' என்பது அவர்களுடைய முடிவு. பாஹியானுக்கு ஆதரவாக இருந்த ஒருவர் அப்போது குறுக்கிட்டார். இவரை இறக்குவதாயின் தம்மையும் இறக்கிவிட வேண்டும். இல்லையேல் தம்மைக் கொன்றுவிட வேண்டும். தாம் உயிரோடு கரை சேர்ந்தால் நடந்ததை அரசனிடம் சொல்லாமல் விடமாட்டேன் என்று அவர் கூறிவிட்டார். மற்றவர்கள் தயங்கி நின்றனர். உணவும் நன்னீரும் தீரும் நிலையில், எழுபது நாட்களுக்கு மேல் அலைந்தபின் கப்பல் திசை மாறியது. மேலும் பன்னிரண்டு நாட்கள் சென்று, 412-ஆம் ஆண்டு, எண்ணிய துறைமுகத்திற்கு வெகுதூரம் வடக்கே லாவோஷான் மலையடியில் ஒதுங்கியது. கரையில் தெரிந்த கீரைச்செடிகளைக் கண்டே, வந்து சேர்ந்தது தாயகம் என்று அவர்கள் அறிந்தனர்.

துன்பம் வரும்போது அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடுவது மனிதனின் பழைய வழக்கம். கர்மக் கொள்கையையும் பலர் இதற்கே பயன்படுத்துகின்றனர். 'இது யாருடைய பாவமோ!' என்று பெருமூச்சு விடும்போது, அந்த 'யாரோ' பெரும்பாலும் பேசுபவராக இருப்பதில்லை. கர்மக் கொள்கை பிறரைச் சுட்டுவதற்கான விரலாக அருளப்பட்டதன்று. ஒருவர் தம்மைப் பார்த்துக்கொள்வதற்கான கண்ணாடியாகவே அது அருளப்பட்டது. 'என் வாழ்க்கைக்கு நானே பொறுப்பு' என்ற துணிவைத் தருவது அது. அதனைப் பிறர் மீது எறியும் கணத்தில் அது கொள்கை என்னும் தகுதியை இழந்து வெறும் பழிச்சொல்லாகிவிடுகிறது.

குழுவாகத் தொண்டுக்குச் சென்று திரும்புவோர் இதனைச் சிறப்பாகச் சிந்திக்க வேண்டும். ஒருவருடைய கடவுச்சீட்டு தொலைந்துவிடுகிறது. அல்லது முதியவர் ஒருவருக்குத் திடீரென உடல்நலம் குன்றுகிறது. பயணம் நின்றுவிடுகிறது. 'இவரால்தான் எல்லாரும் தவிக்கிறோம்' என்ற முணுமுணுப்பு மெல்ல எழுகிறது. பல நாட்கள் அன்பைப் பற்றிப் பேசியும் பாடியும் வந்த குழு அது. பாஹியானை இறக்கிவிட நினைத்த அந்தத் தீவு, இத்தகைய ஒவ்வொரு குழுவின் வழியிலும் இருக்கிறது. அந்த வேளையில், 'அவரை விட்டுச் செல்வதாயின் என்னையும் விட்டுச் செல்லுங்கள்' என்று சொல்லும் ஒருவர் போதும். அந்தக் குழு செய்த தொண்டு காப்பாற்றப்பட்டுவிடும். பாஹியானின் கப்பலில் அதனைச் சொன்னவர் துறவியல்லர், சாதாரணப் பயணி. அவருடைய பெயரைக்கூட வரலாறு பாதுகாக்கவில்லை. ஆனால் பாஹியான் தாயகம் சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்ததில் அந்தப் பெயரற்றவருக்கும் பங்கு உண்டு.

சிந்துவில் போன நூல்கள்

பாஹியானுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர் யுவான் சுவாங். நாளந்தாவில் பயின்று, ஹர்ஷப் பேரரசரால் போற்றப்பட்டு, ஏராளமான நூல்களோடு தரைவழியே அவர் திரும்பினார். சிந்து நதியைக் கடக்கையில் அவர் யானை மீது சென்றார். நூல்கள் படகில் சென்றன. நடு ஆற்றில் காற்றும் அலையும் எழுந்து படகை அலைக்கழித்தன. நூல்களைக் காத்து வந்தவர் நீரில் விழுந்து, பின்னர் காப்பாற்றப்பட்டார். ஆனால் ஐம்பது சுவடிக்கட்டுகளும், அவர் சேகரித்திருந்த மலர்விதைகளும் ஆற்றோடு போயின.

அக்கரையில் கபிசா நாட்டு மன்னர் அவரை வரவேற்றார். மலர்விதைகள் எடுத்து வந்தீர்களா என்று கேட்டு, அவற்றைக் கொண்டு ஆற்றைக் கடப்பவருக்கு இப்படி நேர்வதுண்டு என்றார் மன்னர். முன்பு கப்பலில் ஒரு மனிதர் மீது சென்ற பழி, இங்கே ஒரு பிடி விதை மீது சென்றது. யுவான் சுவாங் அந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிடவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் அங்கேயே தங்கி, அருகிலிருந்த உத்தியான நாட்டிற்கு ஆட்களை அனுப்பி, இழந்தவற்றுள் ஒரு தொகுதியைப் படியெடுத்து வரச் செய்தார். பிறகே பயணத்தைத் தொடர்ந்தார். வழியில் அவருடைய யானையும் நீரில் மூழ்கி இறந்தது. கோட்டான் நாட்டில் பல மாதங்கள் காத்திருந்தார். 645-ஆம் ஆண்டு சாங்கான் நகரை அடைந்தபோது, அவர் கொண்டுவந்தவை 657 நூல்கள்.

இழந்த நூல்களை அவர் மறந்துவிடவும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 654-ஆம் ஆண்டில், மகதத்துப் பௌத்த அறிஞர் ஒருவருக்கு எழுதிய மடலில், சிந்துவைக் கடக்கையில் ஒரு சுமை நூல்கள் தொலைந்ததைக் குறிப்பிட்டார். அவற்றின் பட்டியலையும் இணைத்து, வாய்ப்பிருந்தால் அனுப்பிவைக்குமாறு வேண்டினார்.

இந்தப் பட்டியலில் ஆழ்ந்த பாடம் இருக்கிறது. 'இறைவன் சித்தம்' என்று சொல்லி நடந்ததை ஏற்பது வேறு. அதே சொல்லால் கடமையைக் கைவிடுவது வேறு. இழப்பு நேர்ந்துவிட்டது என்ற உண்மையை யுவான் சுவாங் முழுமையாக ஏற்றார். ஆகவேதான் புலம்பலில் அவருடைய ஆற்றல் வீணாகவில்லை. இழந்ததை மீட்கும் பொறுப்பையும் முழுமையாக ஏற்றார். ஆகவேதான் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பட்டியல் அவர் கையில் இருந்தது. ஏற்றலும் முயற்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஏற்காதவனால் நிதானமாக முயல முடியாது. முயலாதவனின் ஏற்றல் பெரும்பாலும் சோம்பலின் மறுபெயராகவே இருக்கும்.

உடைந்த சக்கரம்

மூன்றாமவர் சுவாமி விவேகானந்தர். 1893-இல் மேலைநாடு சென்றபோது அவர் பட்ட துன்பங்கள் பலரும் அறிந்தவை. போதிய கம்பளி உடையின்றிப் பசிபிக் கடலின் குளிரைத் தாங்கியதும், சிகாகோவில் முகவரியைத் தொலைத்துவிட்டு ரயில் நிலைய வளாகத்தில் ஒரு பெட்டிக்குள் இரவைக் கழித்ததும் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளன. அவர் திரும்பிய வழியின் இடையூறுகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1896 டிசம்பர் 30 அன்று நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறிய சுவாமிஜி, 1897 ஜனவரி 15 அன்று கொழும்பு வந்தடைந்தார். அங்கே பெரும் வரவேற்பு. மலர்மாரிகளும் வாழ்த்துரைகளும் முடிந்து, கண்டி வழியாக யாழ்ப்பாணம் நோக்கி அவர் புறப்பட்டார். உடன் வந்தோர் சேவியர் தம்பதியரும் குட்வினும். தம்புள்ளையைக் கடந்து சில மைல்கள் சென்றதும், சரிவான பாதையில் வண்டியின் முன்சக்கரம் ஒன்று உடைந்தது. சாலையோரத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் மாட்டு வண்டிகளில் மெதுவான பயணம்.

அனுராதபுரத்தில் புனித அரசமரத்தின் நிழலில் அவர் பேசத் தொடங்கினார். பாஹியான் தங்கியிருந்ததும் இந்த அனுராதபுரத்திலேதான். ஆனால் ஒரு கூட்டம் தகரங்களையும் முரசுகளையும் தட்டி இரைச்சலிட்டுப் பேச்சைத் தடுத்தது. அங்கிருந்த இந்துக்கள் கொதித்தனர். கலவரம் மூளும் நிலை. சுவாமிஜி தம்மவர்களை அமைதிப்படுத்தினார். சிவன், விஷ்ணு, புத்தர் என எப்பெயரால் வழிபட்டாலும் பரம்பொருள் ஒன்றே என்று எடுத்துரைத்தார். சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் முன் அறிவித்த சமய நல்லிணக்கத்தை, தாயகத்தின் வாயிலில், இரைச்சலின் நடுவே அவர் மீண்டும் நிலைநாட்ட வேண்டியிருந்தது. மேடையில் சொன்னது உண்மையென்று திரும்பும் வழி அவரிடம் சான்று கேட்டது, அவர் தந்தார்.

ஜனவரி 26 அன்று பாம்பனில் அவர் கரையிறங்கினார். சேதுபதி மன்னரும் மக்களும் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். தம்புள்ளைக்கு அப்பால் சக்கரம் உடைந்த வண்டி ஒன்று. அரசர் கரம்பட்டு ஓடிய வண்டி ஒன்று. இரண்டிற்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. மன்னர் இழுத்த வண்டியைத் தமக்குரிய உரிமையாகக் கொண்டிருந்தால், உடைந்த வண்டி அவமதிப்பாகத் தோன்றியிருக்கும். அவரோ எந்தச் சிறப்பையும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த பெருமை குருதேவருக்கும் பாரதத்திற்கும் உரியது என்பதே அந்நாட்களில் அவர் ஊர்தோறும் கூறியது. பெருமையை ஒப்படைத்தவனிடம் துன்பமும் நிலைத்து நிற்பதில்லை. ஏனெனில் இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

பனியும் புகையும்

அவருடைய இரண்டாவது மேலைநாட்டுப் பயணத்தின் திரும்பும் வழி வேறுவிதமானது. எகிப்திலிருந்து திடீரெனப் புறப்பட்டு, 1900 டிசம்பர் 9 இரவு முன்னறிவிப்பின்றி பேலூர் மடத்தை அடைந்தார். வாயிற்கதவு பூட்டியிருந்தது. உணவு மணி ஒலித்தது கேட்டு, காத்திருக்க மனமின்றி மதிலேறிக் குதித்து உள்ளே சென்றார்; சகோதரத் துறவிகளோடு அமர்ந்து கிச்சடி உண்டார். வரவேற்புப் பந்தல் இல்லாத அந்த வருகை, மடத்தின் இனிய நினைவுகளில் ஒன்றாகியது.

ஆனால் அங்கே ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. தம்புள்ளைச் சாலையில் உடன் நின்ற சேவியர், அக்டோபர் 28 அன்று மாயாவதியில் காலமாகிவிட்டார். உடல்நலம் குன்றியிருந்த சுவாமிஜி, சேவியரின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல, கடுங்குளிர்காலத்தில் இமயமலைக்குப் புறப்பட்டார். டிசம்பர் 29 அன்று காட்கோதாமை அடைந்தார். சுவாமி விரஜானந்தர் அழைத்துச் செல்ல வந்திருந்தார். மலைப்பாதையில் மழையும் பனியும் பொழிந்தன. வழியில் நேரம் கடந்து இருட்டிவிட்டதால், தங்க எண்ணிய இடத்தை அடைய இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இரவை, சாலையோரத்துக் கடையொன்றின் புகை நிறைந்த குடிசையில் அவர்கள் கழித்தனர்.

அந்த இரவில் சுவாமிஜி கடுமையாகக் கோபித்துக்கொண்டார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு மறைக்காமல் கூறுகிறது. உடன் வந்தோரைக் கடிந்துகொண்டார். சிறிது நேரத்தில் கோபம் தணிந்தது. சொன்னவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கூறி, இருக்கும் நிலையில் இரவை நன்கு கழிப்பது எப்படி என்பதில் கருத்தைச் செலுத்தினார். ஜனவரி 3 அன்று மாயாவதியை அடைந்தார்.

இந்நிகழ்ச்சி மகானின் பெருமையைக் குறைப்பதில்லை. சாதகர்களுக்கு நம்பிக்கை தருகிறது. சமநிலை என்பது அலையே எழாத குளம் என்று பலர் கருதுகின்றனர். அப்படிக் கருதுவதால், ஒரு முறை சினம் எழுந்ததும் 'நான் தோற்றுவிட்டேன்' என்று சோர்ந்து, அந்தச் சோர்விலேயே மேலும் ஒரு நாளை இழக்கின்றனர். களைத்த உடல், நோய், துயரம், குளிர் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் அலை எழலாம். அலை எழுந்தபின் எவ்வளவு விரைவில் நீர்ப்பரப்பு தன்னிலைக்குத் திரும்புகிறது என்பதே பயிற்சியின் அளவுகோல். கடிந்த சொல்லை நியாயப்படுத்தாமல் அங்கேயே விட்டுவிடுவது, கடியாமலே இருப்பதற்கு அடுத்த படியாகும்.

சமநிலை செயலின்மை அன்று

இக்காலப் பயணங்களின் இடையூறுகள் வேறு வடிவம் கொண்டவை. அவற்றின் இயல்பு மாறவில்லை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை ஒன்று வெடித்துச் சாம்பல் பரவியபோது, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஆறு நாட்கள் விமானங்கள் பறக்கவில்லை. 2020 மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் கொரோனா தொற்றினால் இந்தியாவிற்கான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7 அன்று 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கும் வரையிலும், அதன் பின்னும்கூட, எத்தனையோ பேர் அயல்மண்ணில் காத்திருந்தனர். எரிமலைக்கும் கிருமிக்கும் தொண்டர் யார், உல்லாசப் பயணி யார் என்ற வேறுபாடு தெரியாது. இயற்கை யாரையும் தண்டிக்கவும் இல்லை. யாருக்கும் விலக்கு அளிக்கவும் இல்லை. 'நற்பணி செய்தவனுக்கு நல்வழி' என்ற உடன்படிக்கையை இறைவன் எவரோடும் செய்துகொள்ளவில்லை. அத்தகைய உடன்படிக்கை இருந்திருந்தால், உலகில் நற்பணி முழுவதும் வணிகமாகியிருக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெட்டி தொலைந்தால் சமநிலையோடு இருப்பவர் இழப்பீடு கேட்கலாமா? கேட்பது பற்றாகாதா?

யுவான் சுவாங்கின் பட்டியலே இதற்கு விடை. இந்தியா 2009-இல் இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, விமானத்தில் ஒப்படைத்த பெட்டி சேதமடைந்திருந்தால் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும்; 21 நாட்கள் கழிந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். கடவுச்சீட்டு தொலைந்தால், காவல் நிலையத்தில் பதிவு செய்து இந்தியத் தூதரகத்தை அணுகினால், தாயகம் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் பெறலாம். இவற்றைச் செய்வது பற்றாகாது, கடமையேயாகும். அதிலும் பெட்டியில் இருப்பது அமைப்பின் பொருளாக இருந்தால், கேளாமல் விடுவதே தவறு. அது நூல், நீர்க்குடம் அன்று.

வேறுபாடு செயலில் இல்லை. செய்யும் விதத்தில் இருக்கிறது. முறையீட்டைத் தெளிவாக எழுதலாம்; எதிரே அமர்ந்திருக்கும் ஊழியரை இழிவாகப் பேச வேண்டியதில்லை. விமானத்தை நிறுத்தியவர் அவரல்லர்; பெட்டியைத் தொலைத்தவரும் அவரல்லர். நூறு பேருடைய கோபத்தைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். எல்லா உயிர்களிலும் இறைவனைக் காணக் கற்றவர்கள், அந்த மேசைக்குப் பின்னால் மட்டும் இறைவன் இல்லையென்று நினைத்துவிடலாகாது. தொண்டு செய்யச் சென்ற ஊரில் எளியவர் முன் பணிந்து நிற்பது எளிது. அங்கே தொண்டருக்கு மதிப்பு இருக்கிறது. எவரும் அறியாத ஒரு விமான நிலையத்தில், தம் உரிமை மறுக்கப்படும் வேளையில், அதே பணிவு நிலைத்தால்தான் அது அவருடைய இயல்பாகிவிட்டது என்று கொள்ளலாம்.

வீடு திரும்பியபின்

கடைசியாக ஒன்று. வீடு வந்து சேர்ந்தவரிடம் உற்றாரும் நண்பரும் பயணம் எப்படி இருந்தது என்று கேட்கின்றனர். அப்போது பலர் முதலில் கூறுவது, விமானம் தவறிய கதையை. இரண்டு மாதத் தொண்டு இரண்டு வரிகளில் முடிகிறது. இரண்டு இரவுத் தவிப்பு இரண்டு மணி நேரம் விரிகிறது. அங்கே அமைதியாக ஆற்றிய பணி, உடன் உழைத்த எளிய மக்களின் அன்பு, ஒரு குழந்தையின் நன்றி நிறைந்த முகம் ஆகிய யாவும் அந்தக் கதையின் அடியில் மூழ்கிவிடுகின்றன. சொல்லச் சொல்ல, சொல்பவரின் நினைவிலேயே பயணம் என்பது அந்தத் தவிப்பாக மாறிவிடுகிறது.

பாஹியான் தம் பயண நூலில் புயலை எழுதினார். ஆனால் அதைவிட மிக அதிகமாகத் தாம் தரிசித்த தலங்களையும் சந்தித்த துறவிகளையும் பற்றி எழுதினார். கரை சேர்ந்தபின் அவர் செய்தது நூல்களை மொழிபெயர்க்கும் பணி. யுவான் சுவாங்கும் அவ்வாறே வாழ்நாளின் எஞ்சிய ஆண்டுகளை மொழிபெயர்ப்பில் செலவிட்டார். சுவாமிஜி தாயகம் திரும்பிய சில மாதங்களில், 1897 மே 1 அன்று, ராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். திரும்பும் வழியில் பட்ட துன்பத்திற்கு அவர்கள் எவரிடமும் கணக்குக் கேட்கவில்லை. அடுத்த பணி அவர்களுக்காகக் காத்திருந்தது.

இறைவனுக்கென்று புறப்பட்டவர், பணி முடிந்த இடத்தில் அர்ப்பணத்தை இறக்கி வைத்துவிட்டுத் தமக்கென்று திரும்புவதில்லை. புறப்படும்போது சொன்ன பிரார்த்தனையைத் திரும்பும்போதும் சொல்லிப் பயணத்தைத் தொடங்குவது நல்லது. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்குப் பின் வரும் காத்திருப்பும், வராத பெட்டியும், உடல் நலிந்த தோழரும், களைத்த ஊழியரும் அந்தப் பணியின் பகுதியாகிவிடுவர். அவர்களையும் அன்போடு கடந்து வீட்டு வாயிலை அடையும்போதுதான் தொண்டு நிறைவு பெறுகிறது.